கதவு மூலையும் சோப்புக் கோடும்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மீண்டும் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாயிற்று. நீ விசாரித்திருந்த பழைய லேண்ட் ரோவரின் வலது கதவு போன வாரம்தான் முடிந்தது.

மலையில் எஸ்டேட் வண்டியாக இருந்தவரை அதற்கு ஒரு குறையும் இல்லை. நம்மூர் உப்புக்காற்றுதான் அதைத் தின்றுவிட்டது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடாக இருந்த காலத்தில், 1948இல் அறிமுகமான வண்டி அது என்பதால், உடலுக்கு மக்னீசியம் கலந்த அலுமினியத் தகட்டைப் போட்டார்கள். ஆனால் கதவின் உள்சட்டம் இரும்பு. தகட்டின் ஓரத்தைச் சட்டத்தின்மேல் மடித்து இறுக்கியிருக்கும் அந்தக் கீழ்விளிம்பில் உப்பு ஈரம் தங்கினால், இரும்பைக் காத்துத் தான் அழியும் வேலையை அலுமினியம் ஏற்றுக்கொள்கிறது. மடிப்பைப் பிரித்தபோது உள்ளிருந்து வெள்ளைப்பொடி கோலமாவு போலக் கொட்டியது.

அழிந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகட்டை ஒட்டவைத்து மடிக்கத் தொடங்கினேன். இங்கேதான் என் அவசரம் என்னைக் கெடுத்தது. அலுமினியத்தைக் குளிர்ந்த நிலையில் அடிக்க அடிக்க அது இறுகிக்கொண்டே போகும்; சுத்தியலின் சத்தம் மொத்தென்பதிலிருந்து கணீரென்று மாறுவதும், சுத்தியல் கையில் துள்ளுவதும் அதன் எச்சரிக்கை. கேட்டும் கேட்காதவன் போல இன்னும் நான்கு அடி அடித்தேன். மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடிவிட்டது. அந்தத் துண்டை வெட்டியெறிந்து மறுபடி தொடங்கினேன்.

இரண்டாம் முறை, தகடு மென்மையாகும்படி சுட்டுப் பதம் ஆற்றிய பிறகே கை வைத்தேன். ஆனால் இரும்பைப் போலச் சிவக்கட்டும் என்று நீ எழுதியபடி காத்திருந்தால் கதவே மிஞ்சியிருக்காது. அலுமினியம் நிறம் மாறிக் காட்டாது. 600 டிகிரியை நெருங்கியதும், முன்னறிவிப்பில்லாமல் ஓட்டை விழுந்து தொங்கிவிடும். நமக்கு வேண்டியதோ 350 முதல் 400 டிகிரிதான். எனவே தகடு சொல்லாததைச் சொல்ல வேறொரு சாட்சி வேண்டும். துணி துவைக்கும் பார் சோப்பால் மூலையில் நான்கைந்து கோடுகள் இழுத்து, பின்பக்கத்திலிருந்து கேஸ் டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டினேன். கோடு பழுப்பாகிக் கருத்ததும் சுடரை விலக்கிவிட்டேன். அசிட்டிலின் புகைக்கரியைப் படியவைத்து, அது எரிந்து மறையும்வரை சுடுவது இன்னொரு வழி. எனக்குச் சோப்புதான் கைவந்தது.

பட்டறைப் பையன் ஈரத்துணியால் குளிரவைத்ததைக் கண்டு, தண்ணீர் பட்டால் தகடு இறுகிவிடாதா என்று ஒருவர் பதறினார். அது எஃகின் குணம். இந்த வகை அலுமினியத்துக்குத் தண்ணீரும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். வேகமாகக் குளிர்ந்தால் தகடு சற்று நெளியலாம், அவ்வளவே. நம் கன்னார் தெருவில் பித்தளைக் குடத்தைச் சுட்டுத் தண்ணீரில் முக்கி, மறுபடி அடிப்பதைச் சிறுவயதில் இருவரும் நின்று பார்த்திருக்கிறோமே, அதே வித்தைதான். பிறகு மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் மெல்லத் தட்ட, மூலை சொன்னபடி வளைந்தது. பாதி மடிப்பில் சத்தம் மாறியதும் நிறுத்தி இன்னொரு முறை சுட்டேன். சுட்ட இடம் இளகியே நிற்கும் என்பதால், மடிப்புக்குத் தேவையான அகலத்துக்கு மேல் சுடரைக் காட்டவில்லை. இரும்புத்தூள் ஒட்டிய டோலியையும் (அடிக்கும்போது தகட்டுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் கட்டை) அரத்தையும் பக்கத்திலேயே சேர்க்கவில்லை; அந்தத் தூள் தகட்டில் பதிந்தால் மறுபடி அதே அரிப்பு. சட்டத்துக்குப் பிரைமர் அடித்து, மடிப்புக்குள் சீலன்ட் வைத்தே மூடினேன்.

உன் மகனுடைய புதுக் காரின் அலுமினியப் பானெட் நசுங்கியதற்கு இதையே செய்யலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இக்காலப் பானெட்டுகளில் பெரும்பாலும் மக்னீசியத்தோடு சிலிக்கானும் சேர்ந்த கலவைதான். பெயிண்ட் அடுப்பில் வேகும்போதுதான் அதற்கு வலு ஏறுகிறது. சோப்பு கருக்கும் அளவுக்குச் சுட்டால் அந்த வலு போய்விடும், அடித்துத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. உட்சட்டத்தைப் பிடித்திருக்கும் பசையும் கருகும். கம்பெனிக் கையேட்டைப் பார்த்துச் செய்கிறவரிடம் கொடு.

இடது கதவு இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வருவாயல்லவா? வரும்போது உன்னிடமுள்ள அந்தப் புளியமரக் கொட்டாப்புளியையும் கொண்டு வா, என்னுடையது பிளந்துவிட்டது.

என்றும் உன்,
பழைய பட்டறைத் தோழன்.