மிகுபுனைவுத் (ஃபேன்டஸி) தொடர் எழுதுவோருக்கு: உங்கள் கதையில் சாவு இருக்கிறது, பயம் இல்லை

அன்புள்ள எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். போருக்கு முந்தின இரவு ஒருவன் 'திரும்பி வந்ததும் கல்யாணம்' என்று சொன்னால், அடுத்த அத்தியாயத்தில் அவன் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதைவிடத் தொல்லை தீர்க்கதரிசனம். 'அசுர வேந்தனை இவனே வெல்வான்' என்று குருநாதர் முதல் பாகத்திலேயே சொல்லிவிட்டால், கடைசிப் பாகம் வரை அவனுக்கு ஆயுள் காப்பீடு எடுத்துக் கொடுத்த மாதிரிதான். அம்பு, விஷம் எதுவும் எங்களை அசைக்காது.

முன்னறிகுறிக்கு, அது வரும் இடத்தில் வேறொரு வேலை இருக்க வேண்டும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' (1996) நாவலில், முன்கதைக்கு அடுத்த அத்தியாயத்திலேயே தாய் ஓநாய் ஒன்று பனியில் செத்துக் கிடக்கிறது. தொண்டையில் முறிந்த மான்கொம்பு. ஓநாய் ஸ்டார்க் குடும்பத்தின் சின்னம், மான் அரசனுடையது. பார்த்தவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். யாரும் விளக்கம் சொல்வதில்லை. அடுத்து, அதன் குட்டிகளைக் கொல்வதா வளர்ப்பதா என்ற வாக்குவாதம். நம் மனம் அவற்றின் பின்னால் போய்விடுகிறது. குடும்பத் தலைவர் நெட் ஸ்டார்க்கின் கண்வழியே 15 அத்தியாயங்கள் வருகின்றன. இத்தனை இடம் பெற்றவர் சாகமாட்டார் என்று நம்பி ஏமாறுகிறோம். கொம்பு நினைவுக்கு வருவது அவர் தலை விழுந்த பிறகுதான்.

அதே தொடரின் மூன்றாம் நூலில் (2000), விருந்தாளிகளையே கொன்றுபோடும் கல்யாண விருந்தில் உத்தி வேறு. உப்பும் ரொட்டியும் தின்ற விருந்தாளியைத் தொடக் கூடாது என்ற வழக்கம் முதலில் உறுதியாகிறது. பிறகு நெட்டின் மகன் ராப் வளர்க்கும் ஓநாயை மண்டபத்துக்குள் விட மறுக்கிறார்கள். வாத்தியக்காரர்கள் மோசமாக வாசிக்கிறார்கள். பாட்டு மாறுகிறது. விருந்து வீட்டான் ஒருவனின் பட்டுச் சட்டைக் கைக்கு அடியில், கவசத்தின் இரும்பு வளையங்கள் ராப்பின் தாய்க்குத் தட்டுப்படுகின்றன. அவளுக்குப் புரியும் நொடியில்தான் நமக்கும் புரிகிறது.

ஆகவே, சாவுக் காட்சியை எழுதிவிட்டுப் பின்னோக்கிப் போங்கள். இரண்டு மூன்று குறிகள் போதும், ஒவ்வொன்றும் ஒரு வரி. முதல் குறி தொலைவில் இருக்கட்டும். ஆனால் வாரத் தொடரில் அது மறந்துபோகும், எனவே அடுத்தது அதை லேசாகத் தொட வேண்டும். கெட்ட கனவும், கரையும் காகமும், அணையும் விளக்கும் தயவுசெய்து வேண்டாம்.

செத்தவரை எழுப்பத்தான் வேண்டுமென்றால் விலை வையுங்கள். மார்ட்டினின் பெரிக் டான்டாரியன் மீண்டும் மீண்டும் உயிர்பெறுகிறான். ஒவ்வொரு முறையும் நினைவில் கொஞ்சம் தொலைக்கிறான். நீங்கள் மூலிகை கொடுத்து எழுப்பியவர்களோ மறுநாளே வாள் சுற்றுகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களை விடாமல் படிப்பவர்கள்