ஆண்டறிக்கை: ஈஸ்ட் ஹாம் மகதலா மரியாள் ஆலயமும் அதன் அயலும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நாளில் நான்கு இடங்களைப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்பும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஓராண்டு முழுவதும் ஒரே வகைக் கட்டடத்தைப் பயில வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். அதன்படி இவ்வாண்டுக்கு இங்கிலாந்தின் இடைக்காலப் பங்கு ஆலயத்தை, அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதிக்குரிய (பாரிஷ்) ஆலயத்தை, எடுத்துக்கொண்டோம். பங்கு என்ற கத்தோலிக்க வழக்கை எதிர்த்து, சீர்திருத்தச் சபையினர் வழங்கும் சேகரம் என்றே எழுத வேண்டும் என வாதிட்ட உறுப்பினர்களின் கருத்து குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. இக்கட்டடங்கள் எழுந்த காலத்தில் அவை கத்தோலிக்க ஆலயங்களாக இருந்தமையால் பங்கு என்பதையே இவ்வறிக்கையில் வைத்துக்கொண்டேன்.

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில், நம்மில் பெரும்பாலோர் வாரந்தோறும் காய்கறி வாங்கும் ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து தெற்கே நடந்து, பார்க்கிங் ரோட்டை (Barking Road) கடந்து, ஹை ஸ்ட்ரீட் சவுத் வழியாகப் போனால் புனித மகதலா மரியாள் ஆலயம் வரும். முதல் முறை போனபோது கதவு பூட்டியிருந்தது. திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டறியாதது செயலாளராகிய என் தவறு. ஆயினும் அன்றைய பொழுது வீணாகவில்லை. ஒன்பது ஏக்கருக்கும் மேற்பட்ட அதன் கல்லறைத் தோட்டம் இன்று இயற்கைக் காப்பிடமாகப் பேணப்படுகிறது. பழங்காலக் கல்வட்டமாகிய ஸ்டோன்ஹெஞ்சை 1719 முதல் பல ஆண்டுகள் அளந்து வரைந்த வில்லியம் ஸ்டக்லி, 1765இல் இறந்தபின் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். தன் குழிமீது கல் எதுவும் நாட்ட வேண்டாம் என்பது அவர் விருப்பமாக இருந்ததால், வாழ்நாளெல்லாம் பிறர் நட்ட கற்களை அளந்தவரின் இடத்தைக் காட்ட ஒரு கல்லும் இல்லை.

இரண்டாம் முறை உள்ளே போனோம். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த அக்கட்டடம், மக்கள் கூடும் நடுக்கூடம், குருமார் பாடும் பீடப்பகுதி (ஆங்கிலத்தில் சான்சல்), அரைவட்டமாக முடியும் கிழக்குக் கோடி என மூன்று பகுதிகளாகக் கிழக்கு நோக்கிச் செல்கிறது. இந்த அரைவட்டக் கோடியைப் பிற்காலத்தில் பல ஊர்களில் இடித்துச் சதுரமாக நீட்டிவிட்டார்கள். ஈஸ்ட் ஹாமில் அது தப்பியதோடு, அதன்மேல், கட்டடம் எழுந்த நார்மன் காலத்துக் கூரை மரங்களும் எஞ்சியுள்ளன. பீடப்பகுதியின் வடசுவரில் அரைவட்ட வளைவுகள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் அலங்கார வரிசை இருக்கிறது. இரண்டு அரைவட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கூர்வளைவு தானாகவே தோன்றுவதை உறுப்பினர் ஒருவர் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். பிற்பாடு வந்த கோதிக் கட்டடக்கலையின் கூர்வளைவு இப்படித்தான் பிறந்தது என்று முற்காலத்தில் சிலர் வாதிட்டதுண்டு. அக்கொள்கை இன்று கைவிடப்பட்டதாயினும், அந்தச் சுவரின் முன் நின்றால் அவர்கள் ஏன் அப்படி எண்ணினார்கள் என்பது விளங்கும். மேற்கே, ஒரு காலத்தில் வெயிலையும் மழையையும் கண்ட பழைய வாசல், பிற்பாடு அதன் முன்னே எழுந்த கோபுரத்தின் அடியில் உள்வாசலாகிவிட்டது.

இந்த ஆண்டு நாம் அதிகம் விவாதித்தது அழகைப் பற்றியல்ல, செலவைப் பற்றி. இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டு முதல் நிலைபெற்ற வழக்கப்படி, நடுக்கூடத்தைப் பேணுவது பங்கு மக்களின் கடமை. விளைச்சலில் பத்தில் ஒன்றாகிய தசமபாகத்தைப் பெறும் ரெக்டருக்கு, அவர் குருவானாலும் ஒரு மடமானாலும், பீடப்பகுதி பொறுப்பு. ஆகவே ஒரே ஆலயத்தில் நடுக்கூடம் உயர்ந்து விரிந்தும் பீடப்பகுதி பழையபடி குறுகியும், அல்லது இதற்கு நேர்மாறாகவும் இருந்தால், கட்டடக் கலைஞனின் விருப்பத்தை ஆராய்வதற்கு முன் யாருடைய பணப்பை கனத்திருந்தது என்று கேட்பது நல்லது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1536 முதல் 1540 வரை மடங்கள் கலைக்கப்பட்டபோது, அவற்றிடமிருந்த ரெக்டர் உரிமைகள் நிலங்களோடு சேர்ந்து தனியார் கைக்குப் போயின, கடமையும் கூடவே போனது. வாரிக்ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோ ஆலயத்துக்காக ஒரு பண்ணையின் உரிமையாளர்கள் பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்க வேண்டும் என்று பிரபுக்கள் அவை 2003இல் தீர்ப்பளித்தது. இதை நம் பொருளாளர் வாசித்தபோது, வீடு வாங்கியிருந்த உறுப்பினர்கள் பலர், தங்கள் வழக்கறிஞர் அனுப்பிய கணக்கில் "சான்சல் தேடல்" (வாங்கும் நிலத்துக்கு இக்கடமை உண்டா என்று பார்ப்பது) என்று கண்ட சிறு தொகை எதற்கு என்பது அன்றுதான் விளங்கியதாகக் கூறினர். அடுத்த கூட்டத்துக்குச் சிலர் அந்தத் தாளையே எடுத்து வந்திருந்தார்கள்.

மேனர் பார்க்கில் முருகன் கோவில் இருக்கும் அதே சர்ச் ரோட்டில் லிட்டில் இல்ஃபோர்டு புனித மரியாள் ஆலயமும் இருக்கிறது. நடுக்கூடம் 12ஆம் நூற்றாண்டு, பீடப்பகுதி 18ஆம் நூற்றாண்டுச் செங்கல். தேருக்கும் பூசத்திற்கும் அவ்வழி போய்வந்த நாங்கள் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை என்பதைக் கூச்சத்தோடு பதிவு செய்கிறேன்.

வைகாசியில் எசெக்ஸின் ஆங்கர் அருகே உள்ள கிரீன்ஸ்டெட் சென்றோம். அதன் நடுக்கூடச் சுவர், பிளந்த ஓக் மரங்களை நெருக்கமாக நிறுத்தி அமைத்தது, வெளிப்புறம் உருட்டு, உட்புறம் தட்டை. மரவளையங்களைக் கொண்டு அவற்றை 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை எனக் கணித்திருக்கிறார்கள். அடிப்பகுதி உளுத்துப்போனதால், 1848இல் தொடங்கிய திருப்பணியில் மரங்களின் கால்களை வெட்டிச் செங்கல் மேடையில் ஏற்றி வைத்தனர். மரங்களின் உயரம் சற்றுக் குறைந்தது, ஆலயம் பிழைத்தது. பீடப்பகுதி இங்கும் செங்கல்தான்.

ஆடியில் பேருந்து அமர்த்தி சஃபோக்கின் லாங் மெல்ஃபோர்டு போனோம். துணி வணிகத்தில் செல்வம் திரண்ட அவ்வூரார் 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தங்கள் ஆலயத்தை ஏறத்தாழ முழுதாகப் புதுக்கிக் கட்டினர். சக்கிமுக்கிக் கல்லை உடைத்து, கறுத்து மின்னும் முகத்தை வெளியே திருப்பி, வெள்ளைக் கல் சட்டங்களுக்குள் பதித்திருக்கும் அந்த வேலைப்பாட்டை மழைத் தூறலில் பார்க்க நேர்ந்தது நல்வாய்ப்பு. ஈரத்தில் சுவர் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. மேல்வரிசைச் சாளரங்களையொட்டி, இன்னார் பொருளால் இது கட்டப்பட்டது, அவர் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள் என்னும் பொருளில் நீண்ட எழுத்து வரிசை ஓடுகிறது. திருப்பணிக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய நம் உறுப்பினர்களுக்கு அதன் தொனி புதிதாக இல்லை. கட்டியோரில் முதன்மையானவர் ஜான் கிளாப்டன். 1462இல் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் அவருடன் பிடிபட்டவர்கள் தலை இழக்க, அவர் மட்டும் உயிர் தப்பி வந்து கட்டியது இது. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் இறந்தோர்க்கான மன்றாட்டு விலக்கப்பட்டு, அதற்கென விடப்பட்ட அறக்கட்டளைகளும் 1547இல் கலைக்கப்பட்டன. மன்றாடச் சொல்லும் எழுத்துகள் மட்டும் வெளிச்சுவரில் அப்படியே நிற்கின்றன.

கிழக்குப் புறத்து அன்னை மரியாள் சிற்றாலயம் பிற்காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்ததற்கு அடையாளமாக, அதன் சுவரில் எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் இருக்கிறது. சங்கத்தின் இளைய உறுப்பினர் இருவர் அதில் பிழை தேடி ஏமாந்தனர். கோபுரம் பழையதன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடி விழுந்து, செங்கல்லால் மறுபடி எழுப்பி, அதன்மேல் கட்டடக் கலைஞர் பாட்லியின் திட்டப்படி கல்லும் சக்கிமுக்கியும் போர்த்தி 1903இல் முடித்தது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பேருந்துக் கட்டணம் மதிப்பிட்டதைவிடக் கூடியதால், மூன்றாவதாகத் திட்டமிட்ட நார்ஃபோக் பயணத்தை ஒத்திவைத்தோம். ஈஸ்ட் ஹாம் ஆலயத்துக்குத் தமிழில் நான்கு பக்க வழிகாட்டி எழுதும் பணியில் இரண்டு பக்கம் முடிந்துள்ளது. பீடப்பகுதிக்குரிய தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகாததால் மற்ற இரண்டும் நிற்கின்றன. அச்சொல்லை இன்றைய கூட்டத்திலேயே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்