3 கடல் மைல் எல்லையை இரவிலும் காக்கக் கோரி மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு, வத்தை (சிறு படகு) மீனவர்கள்,
பாக் விரிகுடா கடற்கரைக் கிராமங்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கரைக்கடலில் விசைப்படகுகள் இரவில் மடி (இழுவை வலை) இழுப்பதைத் தடுத்தல், அறுபட்ட வலைகளுக்கு இழப்பீடு வழங்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இன்படி, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் தொழில் செய்யக் கூடாது. நம் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடும் உண்டு. புதுச் சட்டம் கேட்டு நாங்கள் வரவில்லை. இருக்கிற சட்டம் பொழுது சாய்ந்த பிறகும் நடப்பில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நண்டு வலையை மாலையில் விட்டு விடிகாலையில் எடுப்பது வழக்கம். கீழ்க்கயிற்றில் ஈயம், மேல்கயிற்றில் மிதவை, இரு முனையிலும் கொடிக்கம்பு. இருட்டில் மடி இழுத்து வரும் படகுக்குக் கொடி தெரியாது. மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகைகள் தரையை உரசி வந்து வலையை நடுவில் அறுத்துவிடும். விடிந்து போய்ப் பார்த்தால் கொடிகள் இரண்டும் விட்ட இடத்திலேயே நிற்கும், இடையில் வலை இருக்காது. அறுந்த தங்கூஸ் (நைலான் வலை) மக்குவதில்லை. கடலடியில் கிடந்தபடியே நண்டையும் மீனையும் சிக்கவைத்துக் கொன்றுகொண்டிருக்கும்.

அதே பலகைகள்தான் ஆவுளியா (கடல்பசு) மேய்கிற, நண்டும் இறாலும் வளர்கிற கடல்புல்லையும் பெயர்க்கின்றன. மடியின் வால்பகுதிக் கண்ணி இழுக்கும்போது இறுகி மூடிக்கொள்வதால் குஞ்சுமீன் தப்ப வழியில்லை. அது சங்காயமாக, அதாவது கழிவு மீனாக, கோழித்தீவனத்துக்குப் போகிறது. வளர்ந்திருந்தால் இரு தரப்புக்கும் பிழைப்பாகியிருக்கும் மீன் அது.

புகார் கொடுத்தால் படகு எண்ணைக் கேட்கிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு வரும் படகின் எண்ணை, வலையை விட்டுவிட்டுக் கரையில் இருப்பவர் எப்படிச் சொல்ல முடியும்? அந்தச் சுமையை எங்கள் தலையில் வைக்காமல், விசைப்படகுகளுக்கு அரசே வழங்கிவரும் டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்குமிடம் காட்டும் கருவி) பதிவையும் அன்றைய டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லைக்குள் வந்த படகுக்கும், காரணமில்லாமல் கருவியை அணைத்த படகுக்கும் அடுத்த டோக்கனையும் மானிய டீசலையும் நிறுத்த வேண்டும். அபராதத்தைவிட இதற்குத்தான் பயம் இருக்கும்.

மீன்வளத்துறை அமலாக்கப் பிரிவின் ரோந்து இப்போது எந்த நேரத்தில் நடந்தாலும், பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கட்டாயம் இருக்க வேண்டும். 3 கடல் மைல் கோட்டில் விளக்கு மிதவைகள் போட்டால், தெரியாமல் வந்துவிட்டோம் என்ற பேச்சுக்கு இடமில்லை. மடிக் கண்ணியைக் கரையில் அளந்தால் போதாது, உள்ளே இன்னொரு வலை கட்டியிருக்கிறதா என்று கடலிலும் பார்க்க வேண்டும்.

வலை அறுபட்டால் மீன்வள ஆய்வாளர் 2 நாளுக்குள் நேரில் பார்த்து, வலையின் நீளம், கயிறு, மிதவை, ஈயம் எல்லாவற்றையும் கணக்கிட்டு இழப்பைப் பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு, வத்தை மீனவர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)