முதல்லயே பாசமலரைப் போட்டுக் காட்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல இளைஞர்கள் பார்க்க வேண்டிய பழைய படங்கள்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, பார்த்ததும் அவ்ளோ சந்தோஷம், ஆனா ஒரு விஷயம் மனசுல நெருடிக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன். லிஸ்ட்ல முதல் படமே பாசமலர். எனக்குப் பிடிக்காத படம் இல்லைங்க, இன்னிக்குப் போட்டாலும் கடைசி அரை மணி நேரம் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டுதான் பார்ப்பேன். ஆனா பழைய படமே பார்த்துப் பழக்கமில்லாத புள்ளைக்கு அதை முதல்ல போட்டா என்ன ஆகும்னு எங்க வீட்லயே பார்த்துட்டேன். என் நாத்தனார் பையன் வேளச்சேரில வேலை பார்க்கிறான், சனிக்கிழமை ஆனா எங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவான், அவனை உட்கார வெச்சு ஆசை ஆசையா போட்டேன். முக்கால் மணி நேரம்கூட ஆகல, போனைக் கையில எடுத்துட்டான். "அத்தை, பழைய படம்னாலே எல்லாரும் இப்படி அழுதுகிட்டேதான் இருப்பாங்களா"ன்னு கேட்டான். தப்பு அவன் மேல இல்ல, நான் ஆரம்பிச்ச இடம் தப்பு.

அவன் ராத்திரி பூரா கொலை, துப்பறியற சீரியலாப் பார்க்கிறவன். அதை யோசிச்சு அடுத்த வாரம் அந்த நாள் போட்டேன். 1954ல வந்த ஏவிஎம் படம், எஸ். பாலச்சந்தர் டைரக்‌ஷன். அவர் யாருன்னா வீணை வித்வான், அப்பேர்ப்பட்ட வீணை பாலச்சந்தர் ஒரு படம் எடுக்கிறார், அதுல ஒரு பாட்டு கூட கிடையாது, டான்ஸும் கிடையாது! பாட்டுக்காகவே படம் ஓடின காலத்துல இதைச் செய்ய எவ்ளோ தைரியம் வேணும். படம் ஆரம்பிச்சதுமே சிவாஜி சுடப்பட்டு விழுந்துடுவார், அப்புறம் ஒவ்வொருத்தரும் சொல்ற கதையில அவர் ஒவ்வொரு மாதிரி ஆளா வருவார், விசாரிக்கிற ஆபீசரா ஜாவர் சீதாராமன், கதை வசனமும் அவர்தான். கதை நடக்கிறது நம்ம மெட்ராஸ்ல, 1943 அக்டோபர்ல ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டதே அந்த சமயம். எங்க மாமியார் இருந்தவரைக்கும் சொல்லுவாங்க, குண்டு விழப்போகுதுன்னு அந்த யுத்த காலத்துல ஊரே காலி பண்ணிக்கிட்டு கிராமத்துக்குப் போச்சுன்னு. இதெல்லாம் நான் சொல்லச் சொல்ல பையன் "அத்தை கொஞ்சம் பேசாம இருங்க, படம் பார்க்க விடுங்க"ன்னுட்டான். எனக்கு அவ்ளோ நிறைவா இருந்துச்சு. முடிவை சொல்ல மாட்டேன், சிவாஜிக்கு மனைவியா வர்ற பண்டரிபாயை மட்டும் நல்லா கவனிச்சுப் பாருங்க. படம் வந்தப்போ சரியா ஓடலையாம், இன்னிக்குப் பார்த்தா நம்பவே முடியல.

நான் சொல்ல வர்றது இதுதான். சிபாரிசு பண்ணும்போது எது சிறந்த படம்னு பார்க்காதீங்க, எதிர்ல இருக்கிறவங்களுக்கு எது பிடிக்கும்னு பார்த்து அதுல இருந்து ஆரம்பிங்க. சிரிக்கணும்னா காதலிக்க நேரமில்லை, 1964, ஸ்ரீதர் கலர்ல எடுத்தது. நாகேஷ் பாலையாவுக்கு பேய்க்கதை சொல்ற சீன் எல்லாருக்கும் தெரியும், ஆனா நான் சொல்றபடி ரெண்டு தடவை பாருங்க. முதல் தடவை நாகேஷ் வாயாலயே சத்தம் எல்லாம் குடுத்து கதை சொல்றதைப் பாருங்க. அப்புறம் திருப்பி ஓட்டி பாலையா முகத்தை மட்டும் பாருங்க, நாகேஷ் பக்கமே போகாதீங்க. முதல்ல பெரிய மனுஷன் தோரணையில உட்கார்ந்திருக்கிறவர், கதை போகப் போக கண்ணு விரியும், கன்னம் இழுக்கும், பாதி நேரம் பேச்சே இருக்காது. கேட்கிறவர் அப்படிப் பயந்தாத்தான் சொல்றவர் கதை எடுபடும், அந்த சீனைத் தூக்கி நிறுத்தறது பாலையாதான்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

சின்னப் பசங்க இருந்தா மாயா பஜார். 1957, கே.வி. ரெட்டி, வடபழனி வாகினி ஸ்டூடியோல எடுத்தது, மார்கஸ் பார்ட்லி கேமரா. லட்டு தானா பறந்து போய் கடோத்கஜனா வர்ற ரங்காராவ் வாயில விழறதை எங்க பக்கத்து போர்ஷன் குட்டிப் பொண்ணு மூணு தடவை போடச் சொன்னா. கம்ப்யூட்டர் இல்லாத காலம்னு சொன்னா நம்ப மாட்டேங்குது. பெரியவங்க பார்க்க வேண்டியது சாவித்திரிய. கடோத்கஜன் மாயத்தால கதாநாயகி வத்சலா உருவத்துல வருவான் இல்லையா, அப்போ சாவித்திரி நடிக்கிறது வத்சலாவா இல்ல, பொண்ணு உடம்புக்குள்ள இருக்கிற ரங்காராவா! அந்த நடை, அந்த முறைப்பு, திடீர்னு ஞாபகம் வந்து நாணப்படறது, அப்பப்பா.

சினிமா எப்படி எடுக்கிறாங்கன்னு ஆர்வம் இருக்கிறவங்களுக்கு சர்வர் சுந்தரம். அவளுக்கென்ன அழகிய முகம் பாட்டுல மியூசிக் போட்ட எம்.எஸ்.வியும் பாடின டி.எம்.எஸ்ஸும் அவங்களாவே திரையில வந்து ரெக்கார்டிங் நடக்கும், வாசிக்கிறவங்க எல்லாரும் ஒண்ணா இருந்து ஒரே மூச்சில வாசிக்கிறதை நாம கண்ணால பார்க்கலாம். அந்தப் பாட்டை எப்ப பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இதைத்தான் ஒரு டிவி சேனல்ல பாதிப் பாட்டோட வெட்டி விளம்பரம் போட்டாங்க, அன்னிக்கு எனக்கு சாப்பாடே இறங்கல.

இதைப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். நெட்ல இருக்கிற பிரிண்ட் நிறைய வெட்டின பிரிண்ட்தான், பாட்டு இருக்காது, காமெடி பாதி இருக்காது, அதைப் பார்த்துட்டு படம் தொடர்ச்சியா இல்லைன்னு புள்ளைங்க சொல்லுது. அதனால எத்தனை நிமிஷம்னு பார்த்துட்டு இருக்கிறதுலயே நீளமான பிரிண்டாப் பார்த்துப் போடுங்க. இன்னொண்ணு, அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்ட சதுரமா இருக்கும், இப்போ இருக்கிற டிவி அகலம், டிவி அதைத் தானா இழுத்து திரை பூரா நிரப்பிடும், பத்மினியும் சாவித்திரியும் பூசணிக்காய் மாதிரி தெரிவாங்க. செட்டிங்ஸ்ல போய் 4:3னு மாத்துங்க, ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கும், இருக்கட்டும். முகம் முகமா தெரியும். தெலுங்கு மாயா பஜாருக்கு 2010ல கலர் ஏத்தினாங்க, பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த நிலா வெளிச்சத்துப் படகுப் பாட்டு கறுப்பு வெள்ளைலதான் நிலாவா இருக்கு.

பழைய படம் வேணாம் பழைய காலம் மட்டும் வேணும்னு கேட்கிறவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு சுப்ரமணியபுரம், 2008ல வந்து 1980 மதுரையைக் காட்டினது, ரேடியோல சிறு பொன்மணி அசையும், தியேட்டர்ல முரட்டுக்காளை, எல்லாம் அந்த வருஷத்துது. வெட்டுக்குத்து அதிகம், சின்னப் பசங்களோட பார்க்காதீங்க. மதராசபட்டினம் படத்துல டிராம் ஓடும், அதுக்காகவே நான் பார்த்தேன். அரச கதை ஆசைக்கு வடிவேலுவோட இம்சை அரசன் போட்டுட்டு, சூட்டோட சூடா சந்திரலேகா போடுங்க, 1948, ஜெமினி ஸ்டூடியோ வாசன் எடுத்தது. பஸ்ல கண்டக்டர் ஜெமினி ஜெமினின்னு கத்தறார், ஏறி இறங்கற எத்தனை புள்ளைங்களுக்கு அது ஒரு ஸ்டூடியோ பேருன்னு தெரியும்? அந்த முரசு டான்ஸை ஒரு தடவை காட்டிட்டு அதே பஸ்ல கூட்டிட்டுப் போங்க.

உங்க கிட்ட ஒரு வேண்டுகோள், அடுத்த தடவை லிஸ்ட் போடும்போது படத்து பேருக்குப் பக்கத்துலயே முழு நீளம் எவ்ளோ, யாருக்கு ஏத்ததுன்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க, பெரிய உதவியா இருக்கும். வாசகர்களுக்கும் ஒண்ணு. நாத்தனார் பையன் இப்போ பழைய புரொஜெக்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டான், மொட்டை மாடில வேட்டியக் கட்டித்தான் படம் ஓடுது, போன வாரம் 1941ல வந்த சபாபதி போட்டோம், காளி என். ரத்தினத்துக்கு மாடியே அதிர்ந்துச்சு. அந்தக் காலத்துலயே அதே மாதிரி சிரிப்புப் படம் வேற இருந்தா எழுதுங்க, ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள பார்த்துடணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை