பசுமைச் சுவருக்குப் பராமரிப்பு நிதி ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேம்பாலத் தூண்களிலும் அலுவலகச் சுவர்களிலும் செங்குத்துத் தோட்டம், அதாவது செடிகளால் மூடிய பசுமைச் சுவர், அமைப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் செடி வைத்த பிறகு தண்ணீர் யார் விடுவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இந்தச் சுவர்களைப் பராமரிப்பது என் தொழில். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது பரவலாக இருக்கும் முறைக்கு வழிகாட்டியவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பேட்ரிக் பிளாங்க். பாரிஸில் கே பிரான்லி அருங்காட்சியகச் சுவர் அவர் அமைத்ததுதான். உலோகச் சட்டம், மேலே பிவிசி பலகை, அதன்மேல் நீரை உறிஞ்சி வைக்கும் ஃபெல்ட் என்ற தடித்த துணி. மண்ணே கிடையாது, துணியில்தான் செடி வேர்விடும். உரம் கலந்த நீரை மேலிருந்து தினமும் பலமுறை சொட்டவிட வேண்டும். மண் இல்லாததால் சுவருக்குப் பாரம் குறைவு. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. தரையில் நட்ட செடி சில நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும். துணியில் இருப்பது கோடையில் ஒரு நாள் மோட்டார் நின்றாலே வாடிவிடும்.

மேல் வரிசைப் பெரணிதான் முதலில் ஓரம் கருகிச் சுருளும். கீழ் வரிசையிலோ எல்லா நீரும் வடிந்து சேர்வதால் வேர் கறுத்து, தொட்டாலே கையோடு வந்துவிடும். சில சுவர்களில் நடுவில் ஒரு பட்டை மட்டும் மேலிருந்து கீழாகக் காய்ந்திருக்கும். அதற்கு நேர் மேலே குழாயைப் பாருங்கள்: நீர் சொட்டும் துளையில் வெள்ளையாக உப்பு படிந்து அடைத்திருக்கும். ஃபில்டரை ஒழுங்காகக் கழுவி, துளைகளை அவ்வப்போது சோதித்தாலே இதைத் தவிர்க்கலாம். ஏசியிலிருந்து வடியும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதைத் தொட்டியில் பிடித்துப் பயன்படுத்தினால் அடைப்பும் குறையும், தண்ணீரும் மிச்சம்.

நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் சுவர் அமைக்கத் தாராளமாகச் செலவழித்தார்கள். பராமரிப்புக்கு எதுவும் ஒதுக்கவில்லை. செடிகள் காய்ந்ததும் பிளாஸ்டிக் இலைகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். என் மனசு இன்னும் ஆறவில்லை. உயிருள்ள இலை நீரை ஆவியாக்கிச் சுற்றியிருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது. பிளாஸ்டிக் இலையால் அது முடியுமா?

எல்லா இடத்துக்கும் துணிச் சுவர் தேவையும் இல்லை. சுவரடியில் கொஞ்சம் மண் கிடைத்தால் கொடி நட்டு, கம்பியில் ஏற்றிவிடுங்கள். சுவரை மூட ஓரிரு ஆண்டுகள் ஆகும், சரி, ஆனால் வேர் மண்ணில் இருப்பதால் நிலைத்து நிற்கும். பாலத்துக்கு அடியில் மழையும் படாது, வெளிச்சமும் போதாது. அங்கே தூணில் செடி வைக்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஒப்பந்தம் போடும்போதே சில ஆண்டுப் பராமரிப்பையும் அதற்கான நிதியையும் சேர்த்து எழுத வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அப்புறம், சுவரில் வைக்கும் பெயர்ப் பலகையில் பராமரிப்பவரின் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். ஒரு பட்டை வாட ஆரம்பித்த உடனே அந்த வழியாகப் போகிறவர் யாராவது கூப்பிட்டுச் சொன்னால், அடைத்த துளையைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
பசுமைச் சுவர் பராமரிப்பாளர் ஒருவர்