எதிர்முழக்கம் தெளியத் துணைநின்றோர்க்கு

அன்புடையீர், வணக்கம்.

வில்லுப்பாட்டுக் கருவிகளின் ஒலியைக் கணினியில் வாசிப்பதற்காக நாங்கள் எழுதிவரும் கட்டற்ற மென்பொருள் சிந்தசைசரின் புதிய பதிப்பு சென்ற வாரம் வெளிவந்தது. இதில் மாறியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: ரிவெர்ப் எனப்படும் எதிர்முழக்கம், அதாவது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி சற்று நேரம் தங்கி ஒலிப்பது. அந்த ஒன்றைச் சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் பலரையும் போதுமான அளவு தொல்லைப்படுத்திவிட்டேன். அவர்களில் பெரும்பாலோர் ஒரு வரி நிரல்கூட எழுதியவர்கள் அல்லர் என்பதால் பங்களித்தோர் பட்டியலில் இடம்பெற மாட்டார்கள். பெயர் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயரில்லாமலேயே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து எங்களுக்காகக் குடம் அடித்துத் தந்த அண்ணாச்சிக்கு உரியது. கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு திறந்தவெளியில் நடப்பது. சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் பதிந்த ஒலி வறண்டே இருக்கும். அதற்கு எதிர்முழக்கம் சேர்த்து, அவருடைய குடத்தை அவருக்கே பெருமையாகப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "குடத்துக்குள்ள வெங்கலச் செம்பு உருளுத மாதிரில்லா கேக்கு, தம்பி" என்றார். ஹெட்போன் மலிவானது, அதனால்தான் என்று சமாளித்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. மறுபடியும் அதைக் காதில் மாட்டவுமில்லை.

செம்பு எங்கே உருண்டது என்பதைக் கண்டுபிடிக்கச் சில மாதங்கள் ஆயின. நாங்கள் கையாண்டது ஃப்ரீவெர்ப் முறை. 2000ஆம் ஆண்டில் யாரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் விடப்பட்ட அந்த நிரலில், ஒலி எட்டுக் கோம்ப் ஃபில்டர்களில் (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பத் திரும்பச் சுழலவிடும் பகுதிகள்) ஒரே நேரத்தில் சுழன்று, பின்னர் எதிரொலிகளை நெருக்கமாக்கும் நான்கு ஆல்பாஸ் ஃபில்டர்களின் வழியே வரிசையாகச் செல்லும். எட்டுச் சுழல்களில் மிக நீண்டது 1617 சாம்பிள்கள் (கணினி ஒலியை அளந்து வைக்கும் நுண்துண்டுகள்); நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் அது 37 மில்லிநொடிக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு சுழலும் தன் ஒலியைத் தானே திருப்பித் திருப்பி உண்கிறதே தவிர, பக்கத்துச் சுழலோடு கலப்பதில்லை. செயற்கை எதிர்முழக்கத்தில் காது எதிரொலிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியாமல் இருக்க வேண்டுமானால் நொடிக்கு ஏறத்தாழ 1000 எதிரொலிகளாவது வேண்டும் என்று ஒலியியல் அறிஞர் ஷ்ரோடர் 1962இலேயே எழுதிவிட்டார். நாதசுரம் போன்ற நீண்ட ஒலியில், சுழல்கள் கலவாத இக்குறை மறைந்துவிடும். குடத்தடி போலச் சட்டென விழுந்து ஓயும் ஒலியிலோ ஒவ்வொரு சுழலின் தனிச்சுரமும் உலோக ரீங்காரமாக வெளிப்பட்டுவிடும். ஃப்ரீவெர்ப்பைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பல ஆண்டுகள் எங்களுக்குச் சோறு போட்ட நிரல் அது.

இதற்கிடையில் திசையன்விளைக் கல்லூரி மாணவர் ஒருவர், 96,000 சாம்பிள் வேகத்தில் ஓட்டினால் மண்டபம் பாதி அறையாகச் சுருங்கிவிடுகிறது என்று ஒலிப்பதிவோடு எழுதினார். சுழல்களின் நீளத்தை வேகத்துக்கு ஏற்ப மாற்றாமல் விட்டது முழுக்க என் கவனக்குறைவு. அவருக்கும் நன்றி.

மாற்று வழி எங்களுக்கு முன்பே திறந்துதான் கிடந்தது. ஃப்ளூயிட்சிந்த் என்னும் கட்டற்ற மென்பொருள் 2019இல் வெளியிட்ட 2.1 பதிப்பிலேயே, ரீங்காரம் குறைந்த புதிய எதிர்முழக்கத்துக்கு மாறியிருந்தது. டிலே லைன்களை (ஒலியைச் சற்று நேரம் பிடித்துவைத்துப் பின் வெளிவிடும் பகுதிகளை) ஒன்றோடொன்று பின்னி, ஒவ்வொன்றின் ஒலியையும் மற்ற எல்லாவற்றுக்கும் பகிர்ந்தளிக்கும் வலை அது. நிரலை வெளிப்படையாக வைத்த அவர்களுக்கும் எங்கள் வணக்கம். ஆனால் நிரலைப் படித்தும் எனக்குக் கணக்கு விளங்கவில்லை. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலேயே சாக்பீஸால் எழுதிக் காட்டினார். எட்டு லைன்களின் வெளியீட்டையும் கூட்டி, கூட்டுத்தொகையில் கால் பங்கை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு லைனில் மட்டும் 1 இருந்தால், அது முக்காலாகும்; மற்ற ஏழும் கழித்தல் காலாகும். வர்க்கங்களைக் கூட்டச் சொன்னார்: பதினாறில் ஒன்பது, அதனுடன் பதினாறில் ஏழு, ஆக ஒன்று. ஆற்றல் கூடவுமில்லை, குறையவுமில்லை, பங்குதான் மாறியிருக்கிறது. "இனி எவ்வளவு வேகமாக அடங்க வேண்டும் என்பது உன் கையில்" என்றார். முழக்கம் 60 டெசிபெல் குறைய இரண்டு நொடி வேண்டுமென்றால், 50 மில்லிநொடி நீளமுள்ள லைனை ஒவ்வொரு சுற்றிலும் 0.84ஆல் பெருக்க வேண்டும் என்பதையும் அன்றே கணக்கிட்டுவிட்டு எழுந்தோம். திண்ணையைக் கழுவிவிட்ட அக்காவுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும்.

அம்பாசமுத்திரத்து அரிசி ஆலைக்காரர் தம் கிட்டங்கியை (சேமிப்புக் கிடங்கை) இருமுறை திறந்துவிட்டார். பிசான நெல் அறுவடைக்கு முன் அது வெறுமையாகக் கிடந்தபோது ஒருமுறையும், நெல்மூட்டைகள் கூரைவரை அடுக்கப்பட்ட பின் ஒருமுறையும் பலூன்களை வெடித்துப் பதிந்தோம். வெற்றுக் கிட்டங்கியில் வெடிச்சத்தத்தின் கூர்மை நெடுநேரம் சுற்றிச் சுற்றி வந்தது. மூட்டைகள் வந்த பின் கீச்சென்ற மேல்சுரங்கள் முதலில் மாண்டு, அடிக்குரல் மட்டும் சற்றுத் தங்கியது. சாக்கு செய்த வேலையைச் சுழலுக்குள் மேல்சுரங்களைக் குறைக்கும் ஒரு சிறு ஃபில்டர் செய்ய வேண்டும் என்பதை நான் நூல்களில் படித்திருந்தேன். அதைக் காதால் அறிந்தது அங்கேதான். சுமை இறக்கும் தொழிலாளர்கள் ஒவ்வொரு பலூனுக்கும் பேச்சை நிறுத்தி ஒத்துழைத்தார்கள்.

எஞ்சிய ரீங்காரத்தைக் கலைக்க, லைன்களின் நீளத்தை மெல்ல அசையவிட்டேன். அந்த அசைவை அளவுக்கு மீறி வைத்துச் சோதனைப் பதிப்பையும் வெளியிட்டுவிட்டேன். சங்கரன்கோவிலில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் எங்கள் அத்தை சுருதிப் பெட்டியோடு வைத்துக் கேட்டு, "சுருதி தள்ளாடுது" என்றார்கள். நீளம் மாறினால் சுரமும் மாறும். ரயில் நம்மைக் கடந்து போகையில் அதன் ஊதல் இறங்குவது போலத்தான். அசைவைப் பெரும்பகுதி குறைத்த பிறகே அவர்கள் தலையசைத்தார்கள்.

வள்ளியூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் பழைய மடிக்கணினியில், பாட்டு முடிந்து அமைதியான பிறகே விசிறி இரைந்தது. முழக்கம் தேயத் தேய எண்கள் மிகச் சிறிதாகி, அவற்றைக் கையாளச் செயலி திணறியதே காரணம். பத்துக் கோடியில் ஒரு பங்கை எப்போதும் சேர்த்துவைத்ததும் இரைச்சல் நின்றது.

பழைய எதிர்முழக்கத்தை நீக்கவில்லை. அதில் பாட்டுக் கட்டி வைத்திருப்போர் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

புதிய பதிப்பை அண்ணாச்சியிடம் போட்டுக் காட்டினேன். இம்முறை இரண்டு தடவை கேட்டார். "செம்பு போயிட்டு. ஆனா வில்லு மணி கொஞ்சம் பிந்தி அடங்குது, பாத்துக்கோ" என்றார். பார்த்தேன், அவர் சொன்னது சரி. பங்குனியில் மூட்டைகள் வந்ததும் வில்லையும் அதன் நாணை அடிக்கும் வீசுகோலையும் கிட்டங்கிக்கே கொண்டுவந்து அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆலைக்காரரும் சரி என்றுவிட்டார்.

நன்றியுடன்,
எதிர்முழக்கப் பகுதியை எழுதியவன்,
பாளையங்கோட்டை