அந்த டேப்பைத் திருப்பிக் கொடுங்கள்

சென்னையில் இருக்கும் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்துக்காரன். 1998ல் உள்ளூர் கேபிள் சேனலில், பாட்டுக் கேட்டு வரும் போஸ்ட் கார்டுகளைப் படிக்கிற வேலையில் ஆரம்பித்தேன். 2003லிருந்து செயற்கைக்கோள் சேனல்களுக்குச் சினிமா, கச்சேரி, திருவிழாச் செய்திகளை எடுத்து அனுப்பி வருகிறேன். உங்கள் பாஷையில் ஸ்ட்ரிங்கர், ஊரில் டிவிக்காரர். மாதச் சம்பளம் கிடையாது, ஒளிபரப்பானால்தான் காசு. அதைப் பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை. அதற்குத் தனியாக ஒரு மடல் வேண்டும்.

விஷயம் டேப்.

போன புரட்டாசியில் எங்கள் பக்கத்துத் தவில் வித்வான் ஒருவர் தவறிவிட்டார். காலை ஏழு மணிக்குச் சென்னைச் செய்தி டெஸ்க்கிலிருந்து போன். "அண்ணே, அவர் பேசின பைட் ஏதாவது இருக்கா?"

இருந்தது. 2009ல் அவர் வீட்டுத் திண்ணையில் நாற்பது நிமிஷம் எடுத்தேன். பேச மாட்டேன் என்று முதலில் முரண்டு பிடித்தார். சரி என்று கேள்வியை விட்டுவிட்டு, வலது கை விரல்களில் மாட்டுகிற கூட்டைக் காட்டச் சொன்னேன். துணியைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிக் காயவைப்பது எப்படி என்று காட்ட ஆரம்பித்தவர், அவருடைய அப்பா பூவரசங்கழியால் முட்டியில் தட்டிச் சொல்லிக்கொடுத்தது வரைக்கும் வந்துவிட்டார். தவிலின் தாளச் சொற்களான சொல்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே திண்ணையில் தட்டினார். நடுவில் உள்ளே குக்கர் விசில் அடித்தது. மனுஷன் எரிச்சல்படவில்லை. கையைத் தூக்கியபடி அது ஓயும்வரை இருந்துவிட்டு, விட்ட இடத்திலேயே எடுத்தார்.

அன்றிரவே டேப்பைக் கவரில் போட்டு, ஆம்னி பஸ் டிரைவரிடம் கொடுத்து, வண்டி நம்பரைச் சென்னைக்குப் போனில் சொன்னேன். ஒரு நிமிஷம் பத்து வினாடி ஒளிபரப்பானது. மீதி? "அந்த டேப்பெல்லாம் ரீயூஸ் ஆகியிருக்கும்ணே." கடைசியில், பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு கல்யாண போட்டோவை ஜூம் செய்து ஓட்டினார்கள். காரியத்தன்று அந்தப் பேரன் என்னைக் கேட்டான்: "மாமா, நீங்க எடுத்ததுல தாத்தா குரல் இருக்குமா?"

எந்தச் சேனல் என்று சொல்லப்போவதில்லை. நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் வழக்கம் இதுதான்.

2004 மகாமகத்துக்கு டெஸ்க் கேட்டது, குளத்தில் எந்த நடிகை முழுகினார் என்று. திருவையாறு தியாகராஜர் ஆராதனை என்றால் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று. நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிகிற தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளையும் முழுசாகப் பதிவு செய்து அனுப்புவேன். உங்களுக்கு வேண்டியது நாற்பது வினாடி. அதில் எனக்குக் கோபம் இல்லை, அந்த ஸ்லாட் அவ்வளவுதான். ஆனால் மீதியை அழித்தீர்களே! நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் எல்லோரும் கேமராவோடு ஓடி வந்தீர்கள். இடித்த பழைய வீடுகளின் ஆச்சா மர உத்தரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்வதை நான் 2007லேயே எடுத்து அனுப்பியாகிவிட்டது. அன்றைக்குக் கடைசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் இன்று இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. 2011ல் புது டேப் வாங்கக் கையில் காசில்லாமல், மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தை எடுத்த டேப்பின் மேலேயே ஒரு சினிமா ஷூட்டிங்கைப் பதிவு செய்தேன். அந்தப் படம் வரவே இல்லை.

இப்போது கேட்பதற்கு வருகிறேன். உங்கள் அலுவலக ஸ்டோரில் இன்னும் மினிடிவி (MiniDV), பீட்டாகேம் என்ற பழைய வீடியோ டேப்புகள் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன என்பது அங்கே வேலை பார்க்கும் பையன்களே சொன்னது. இடம் மாறும்போது அவற்றைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போடாதீர்கள். ஈரக் காற்றில் டேப்பில் பூஞ்சை ஏறும். ஒருமுறை ஏறினால், டேப்பை ஓட்டும் டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு ஓடாது. ஒரு மணி நேர டேப்பைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. மினிடிவி டேப்பாக இருந்தால் ஏறக்குறைய 13 ஜிபி. இன்றைய ஹார்டு டிஸ்க் விலைக்கு அது ஒரு செலவா? ஓட்டுகிற டெக்தான் அருகிவிட்டது. தஞ்சாவூரில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடம் ஒன்று இன்னும் ஓடுகிறது. பரணில் இருந்த என் 60 டேப்புகளை அதில்தான் ராத்திரி ராத்திரியாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்ற உங்களுக்கு ஆள் இல்லையென்றால், டெல்டாவில் எடுத்தவற்றை மட்டும் பிரித்துக் கொடுங்கள். உரிமை உங்களிடமே இருக்கட்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ, திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலோ ஒரு பிரதி வைக்கலாம் என்று ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், அலைவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கூரியர் செலவுகூட வேண்டாம். ராத்திரி பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்துவிட்டு வண்டி நம்பரை மட்டும் சொல்லுங்கள். விடியற்காலை கும்பகோணத்தில் நானே நின்று வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணம் டிவிக்காரன்